கைகுலுக்கலில் கைமாறும் காசு: சேலஞ்ச் காயின் சேகரிப்புக்கு ஓர் அறிமுகம்

சேலஞ்ச் காயினை முதல்முறை கையில் வாங்கிப் பார்ப்பவர்கள் அநேகமாக இரண்டு கேள்வி கேட்பார்கள். இது எந்த நாட்டுக் காசு? என்ன விலை போகும்? முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இது எந்த நாட்டுக் காசும் இல்லை, எந்தக் கடையிலும் செல்லாது. இரண்டாவதற்குப் பதில் சொல்லத்தான் நேரம் பிடிக்கும். ஒரே அச்சில் ஒரே நாளில் அடித்த இரண்டு காயின்களில் ஒன்றை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இன்னொன்றை வைத்திருப்பவர் எவ்வளவு கொடுத்தாலும் விற்க மாட்டார். அது யார் கையிலிருந்து யார் கைக்கு, எதற்காகப் போனது என்பதுதான் வித்தியாசம். சேகரிக்க ஆரம்பிப்பவருக்கும், தன் குழுவுக்கென்று சொந்தமாக அடித்துப் பார்க்க நினைப்பவருக்கும் இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் லேசாக விளங்கிவிடும்.

ஒரு ராணுவப் பிரிவு தன் சின்னத்தைப் பொறித்துத் தன் ஆட்களுக்குக் கொடுக்கும் உலோக வில்லைதான் சேலஞ்ச் காயின். பெரும்பாலானவை ஒன்றரை அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலம் வரை விட்டம் உள்ளவை, அதாவது ஏறக்குறைய 38 முதல் 50 மில்லிமீட்டர். கனம் 3 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஒரு பக்கம் பிரிவின் சின்னம். மறுபக்கம் அதன் முழக்கமோ, தளபதியின் பதவியோ, ஒரு பணியின் பெயரும் ஆண்டுமோ இருக்கும். வட்டம்தான் வழக்கம் என்றாலும் கேடயம், கப்பல், சிப்பாய் கழுத்தில் தொங்கும் அடையாளத் தகடு என்று விதவிதமான வடிவங்கள் வந்துவிட்டன. பாட்டில் திறக்கும் கொக்கியோடுகூட வருகிறது. இந்த வழக்கம் வேர்விட்டது அமெரிக்கப் படைகளில். பிறகு வேறு நாட்டுப் படைகளுக்கும், அங்கிருந்து போலீஸ், தீயணைப்பு, உளவுத்துறை, விண்வெளி நிறுவனங்கள், கடைசியில் கம்பெனிகள், பொழுதுபோக்குக் குழுக்கள் வரைக்கும் பரவியது.

இதைப் பதக்கத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பதக்கம் என்றால் பரிந்துரை, கோப்பு, கையெழுத்து, உத்தரவு என்று பெரிய நடைமுறை உண்டு. கிடைத்தால் சீருடையில் குத்திக்கொள்ளலாம். காயினுக்கு இத்தனை சடங்கு கிடையாது. இரவெல்லாம் கண்விழித்து, விடிவதற்குள் ஒரு வண்டியை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்த மெக்கானிக் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் தளபதி அந்தப் பக்கம் வருகிறார். கை நீட்டுகிறார். கிரீஸ் படிந்த கையைத் துணியில் துடைத்துவிட்டு இவரும் நீட்டுகிறார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் ஏதோ ஜில்லென்று தட்டுப்படுகிறது. கையை எடுத்ததும் காயின் இவர் பக்கம் வந்திருக்கிறது. ஒரு வார்த்தை பாராட்டு, அவ்வளவுதான், தளபதி நடையைக் கட்டிவிடுகிறார். அரை நிமிட வேலை. சுற்றி நிற்பவர்களுக்குச் சில சமயம் தெரியக்கூடத் தெரியாது. உள்ளங்கையில் மறைத்துக் கொடுக்கும் இந்தக் கைகுலுக்கல்தான் காயினைக் கொடுக்கும் முறை. மேடை போட்டுக் கொடுத்தால் அந்த ருசி இல்லை.

பாராட்டுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள் என்றில்லை. பிரிவில் சேர்ந்ததற்கு அடையாளமாகவும் கொடுப்பார்கள். அமெரிக்க விமானப்படையில் அடிப்படைப் பயிற்சியை முடிக்கும் புதியவர்களுக்கு, டெக்சாஸ் மாநிலத்தின் லேக்லேண்ட் தளத்தில், காயின் வழங்கும் நிகழ்ச்சியே உண்டு. அதுவரை ‘டிரெய்னி’ என்று விரட்டப்பட்டவர் அதை வாங்கிய பிறகு ‘ஏர்மேன்’. மூன்றாவது வகை மரியாதைக்காகக் கொடுப்பது. வெளியிலிருந்து வரும் விருந்தினர், வேறு நாட்டு அதிகாரி, உதவி செய்த பொதுமக்கள் போன்றவர்களுக்கு நினைவுக்கு ஒன்று. ஒரு காயின் கையில் கிடைத்தால், இந்த மூன்றில் அது எந்த வகை என்று கேட்டுப் பார்ப்பது சேகரிப்பவரின் முதல் வேலை.

எங்கிருந்து வந்தது?

இங்கேதான் கதையும் சரித்திரமும் பின்னிக் கிடக்கின்றன. எல்லோரும் சொல்லும் கதை முதல் உலகப் போர்க் காலத்தது. பணக்கார வீட்டுப் பிள்ளையான ஒரு அமெரிக்க லெப்டினன்ட் தன் விமானப் பிரிவில் இருந்த எல்லோருக்கும் வெண்கல வில்லை அடித்துக் கொடுத்தாராம். அந்தப் பிரிவின் விமானி ஒருவர் எதிரிகளிடம் சிக்குகிறார். ஜெர்மானியர்கள் அவருடைய அடையாளக் காகிதங்களையெல்லாம் பறித்துக்கொள்கிறார்கள், கழுத்துப்பையில் இருந்த வில்லையை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அவர் தப்பி பிரெஞ்சுப் பகுதிக்குள் நுழைகிறார். பிரெஞ்சுக்காரர்கள் அவரை உளவாளி என்று நினைத்துச் சுட்டுத்தள்ளத் தயாராகிறார்கள். கடைசி நேரத்தில் வில்லையை எடுத்துக் காட்ட, ஒரு சிப்பாய் அந்தச் சின்னத்தை அடையாளம் கண்டுகொள்கிறார். உயிர் பிழைத்ததோடு, ஒரு பாட்டில் ஒயினும் கிடைத்தது என்று கதை முடியும்.

நல்ல கதைதான். ஆனால் அந்த விமானிக்குப் பெயர் இல்லை, பிரிவுக்கு எண் இல்லை, ஆதாரமாக ஒரு காகிதம்கூட இல்லை. காயின் விற்பவர்கள் இதை வரலாறு என்றே அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். கதை என்று வைத்துக்கொண்டு ரசிப்பதே உத்தமம்.

கொஞ்சம் உறுதியான தரை கொரியப் போரில்தான் தட்டுப்படுகிறது. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தரைப்படையின் 17-வது காலாட்படை ரெஜிமெண்டுக்குத் தலைமை தாங்கியவர் கர்னல் வில்லியம் குவின். ‘பஃபலோ பில்’ என்பது அவருடைய பட்டப்பெயர், அதனால் ரெஜிமெண்டுக்கும் எருமைதான் அடையாளம். எருமை பொறித்த காயின்களை அவர் தன் ஆட்களுக்காக அடிக்க வைத்தார். ஒரு பிரிவு தன் ஆட்களுக்கென்று காயின் அடித்ததற்குச் சொல்லப்படும் ஆரம்பகால உதாரணங்களில் இது ஒன்று.

பிறகு வியட்நாம். போர்முனைக்கு அருகில் இருந்த சிப்பாய்களின் மதுக்கூடங்களில் ‘புல்லட் கிளப்’ என்று ஒரு பழக்கம் ஓடியதாகச் சொல்வார்கள். உறுப்பினர் ஒவ்வொருவரும் தன்னிடம் எப்போதும் ஒரு தோட்டா வைத்திருக்க வேண்டும். யாராவது தோட்டாவை மேசையில் போட்டுச் சவால் விட்டால் மற்றவர்களும் எடுத்துக் காட்ட வேண்டும். இல்லாதவர் செலவு. நாளாவட்டத்தில் பெருமைக்குப் போட்டி வந்து, சிறு தோட்டா பெரிய தோட்டாவாகி, கையெறி குண்டும் பீரங்கிக் குண்டும் மேசைக்கு வர ஆரம்பித்தனவாம். குடித்திருக்கும் ஆட்களின் நடுவே வெடிபொருள்! அந்த இடத்தைத்தான் பாதுகாப்பான காயின் பிடித்துக்கொண்டது என்கிறார்கள். சிறப்புப் படைகளிடம், குறிப்பாக 10-வது சிறப்புப் படைப் பிரிவிடம், வழக்கம் தங்கி நின்று, 1980-களுக்குப் பிறகு படை முழுக்கப் பரவியது.

பெயரில் இருக்கும் ‘சேலஞ்ச்’ இந்த விளையாட்டிலிருந்து வந்ததுதான். விதிகள் பிரிவுக்குப் பிரிவு மாறும், சாரம் இதுதான். ஒருவர் காயினை மேசையில் ஓங்கி வைத்தால் சுற்றியிருக்கும் எல்லோரும் தங்கள் காயினை எடுத்துக் காட்ட வேண்டும். இல்லாதவர் எல்லோருக்கும் ஒரு சுற்று மது வாங்கித் தர வேண்டும். எல்லோரிடமும் இருந்துவிட்டால் சவால் விட்டவர் பர்ஸைத் திறக்க வேண்டியதுதான். காயின் உடம்பில் இல்லாவிட்டால் ஓர் அடி எடுத்து வைத்துக் கை நீட்டும் தூரத்துக்குள் இருந்தால் போதும் என்று ஒரு சலுகை உண்டு. கை தவறிக் காயின் கீழே விழுந்து சத்தம் கேட்டாலும் அது சவாலாகவே கணக்கு, ஆகவே பழகியவர்கள் பையிலிருந்து எடுக்கும்போதே பத்திரமாக எடுப்பார்கள். ஓட்டை போட்டுச் சாவிக்கொத்தில் மாட்டிய காயினும், பெல்ட் பக்கிளாக மாற்றிய காயினும் பல இடங்களில் செல்லாது. யாருடைய காயினில் இருக்கும் பதவி உயர்ந்ததோ அவருக்குச் செலவிலிருந்து விலக்கு என்று ஒரு வகையும் இருக்கிறது. அதனால்தான் ஜெனரலின் காயின் வைத்திருப்பவர் வாயைத் திறக்காமல் கடைசிவரை காத்திருப்பார்.

அந்த ஏணியின் உச்சிப்படி அமெரிக்க அதிபரின் காயின். பில் கிளிண்டன் தனக்கு வந்த காயின்களை அடுக்கடுக்காகத் தன் அலுவலகத்தில் வைத்திருந்தார். அவருடைய அதிகாரபூர்வ ஓவியத்தைப் பார்த்தால் பின்னால் அந்த அடுக்கு தெரியும். 2009 நவம்பரில் ஃபோர்ட் ஹூட் தளத்தில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த 13 பேருக்கு நடந்த அஞ்சலியில், பராக் ஒபாமா ஒவ்வொருவர் நினைவிடத்திலும் ஒரு காயினை வைத்துவிட்டு நகர்ந்தார். 2017-இல் டொனால்ட் டிரம்ப் தன் காயினைப் பழைய வடிவிலிருந்து மாற்றித் தங்க நிறத்தில், வழக்கத்தைவிடத் தடிமனாக அடிக்க வைத்தார். நாட்டின் பழைய லத்தீன் முழக்கம் இருந்த இடத்தில் அவருடைய தேர்தல் முழக்கம் வந்தது பெரிய பேச்சானது. ஓர் ஆளின் குணம் அவருடைய காயினில் எவ்வளவு தூரம் தெரியும் என்பதற்கு இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சேகரிப்பது

புதிதாக வருபவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிக் குவிப்பார்கள். ஒரு டப்பா நிறைந்ததும் அலுப்புத் தட்டிவிடும். ஏதாவது ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போனால்தான் சேகரிப்புக்கு உயிர் வரும். கப்பல்கள் மட்டும், மருத்துவப் பிரிவுகள் மட்டும், ஒரே ஒரு பிரிவின் காயின் அடுத்தடுத்த தளபதிகள் காலத்தில் எப்படி மாறியது என்பது மட்டும், இப்படி. எனக்குப் பிடித்தது கடைசியில் சொன்ன வகை. ஒரே சின்னம்தான், ஆனால் ஒரு தளபதி முழக்கத்தைப் பெரிதாகப் போடுவார், அடுத்தவர் தன் பெயரைப் பெரிதாகப் போடுவார், அதற்கு அடுத்தவர் இரண்டையும் எடுத்துவிட்டு வரைபடம் ஒன்றைப் போடுவார். பத்துப் பதினைந்து காயினுக்குள் ஒரு நிறுவனத்தின் மனப்போக்கு மாறுவது தெரியும்.

கிடைக்கும் வழிகள் மூன்று. பரிசாக வருவது, மாற்றிக்கொள்வது, காசு கொடுத்து வாங்குவது. படையில் இருந்தவர்களோடு பழக்கம் இருந்தால் முதல் இரண்டும் நடக்கும். மாற்றிக்கொள்ள உங்கள் கையிலும் ஏதாவது இருக்க வேண்டும், சொந்தக் காயின் அடிக்கும் ஆசை பலருக்கும் இங்கேதான் முளைக்கிறது. யாரிடமும் நேராகப் போய் “எனக்கு ஒன்று கொடுங்கள்” என்று கேட்பது நாகரிகம் இல்லை. கேட்டு வாங்கினால் அது வெறும் நினைவுப் பொருளாகிவிடும் என்பது கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும்.

காசு கொடுத்து வாங்கும்போது கவனிக்க வேண்டியது நிறைய. சந்தையில் வருபவற்றில் உண்மையிலேயே பிரிவு கொடுத்தவை ஒரு பங்கு. தளத்துக் கடைகளில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய நினைவுக் காயின்கள் ஒரு பங்கு. அப்புறம், எந்தப் பிரிவும் எப்போதும் அடிக்காமல், விற்பதற்காகவே யாரோ கற்பனையாக அடித்தவை ஒரு பெரிய பங்கு. பிரபலமான ரகசியப் படைகள், உளவுத்துறைகள், அதிபர் பாதுகாப்புப் பிரிவு போன்ற பெயர்கள் தாங்கியவற்றில் இந்தக் கற்பனைச் சரக்கு அதிகம். பெயர் எவ்வளவு பரபரப்பானதோ அவ்வளவு சந்தேகப்படுங்கள். மண்டையோடு, கத்தி, பாம்பு, மின்னல் எல்லாம் ஒரே காயினில் கூடியிருந்தால் இன்னும் கொஞ்சம் சேர்த்தே சந்தேகப்படலாம்.

நம்ப முடியாதபடி இருக்கும் காயின் எல்லாமே கற்பனை என்றும் சொல்லிவிட முடியாது. 2018 மே மாதம் டிரம்ப், வட கொரியத் தலைவர் கிம் ஜாங் உன் இருவரும் எதிரெதிரே முகம் பார்க்கும் காயின் ஒன்றை வெள்ளை மாளிகையின் தகவல்தொடர்புப் பிரிவு வெளியிட்டது. இருவரின் சந்திப்பு நடப்பதற்கு முன்பே காயின் வந்துவிட்டது. சில நாட்களிலேயே, மே 24 அன்று, டிரம்ப் சந்திப்பை ரத்து செய்வதாக அறிவித்தார். நடக்காத சந்திப்பின் காயின் என்றதும் வாங்குவதற்கு ஆட்கள் முண்டியடித்தார்கள். கடைசியில் ஜூன் 12 அன்று சிங்கப்பூரில் சந்திப்பு நடந்தே விட்டது.

போலியைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு சோதனை என்று எதுவும் இல்லை. அசலின் படத்தோடு ஒப்பிட்டு, எழுத்தின் ஓரங்களைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அசல் காயினையே அச்சாக வைத்து வார்த்த நகலில் எழுத்துகள் சோப்பு தேய்ந்த மாதிரி மழுங்கியிருக்கும். பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியலாம், விளிம்பில் இணைப்புக் கோடு ஓடலாம். அளவிலும் எடையிலும் சிறு வித்தியாசம் வரும். இதையெல்லாம்விட முக்கியமானது காயினோடு கூட வரும் விவரம். கொடுத்தவர் யார், வாங்கியவர் எந்தப் பிரிவில் எந்த ஆண்டுகளில் இருந்தார், எதற்காகக் கொடுத்தார்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். உண்மையான பதில் பெரும்பாலும் சின்னதாக, கொஞ்சம் சலிப்பானதாக இருக்கும்: “கிடங்குக் கணக்கைச் சரியாக முடித்ததற்குக் கொடுத்தார்கள்.” சாகசக் கதை வந்தால் உஷாராகுங்கள்.

அந்தப் பதிலை உடனே ஒரு சிறு அட்டையில் எழுதிக் காயினோடு வைத்துவிட வேண்டும். நினைவில் இருக்கும் என்று விட்டால் இருக்காது. விவரம் தொலைந்த காயின் வெறும் பித்தளை. விற்பவரின் குடும்பத்தாரே சில வருடம் கழித்து அந்த விவரத்தைத் தேடி வரலாம்.

பாதுகாப்பில் இரண்டு தவறுகள் அதிகம். ஒன்று, பிவிசி உறைகள். மலிவாகக் கிடைக்கும் வழவழப்பான நாணய ஆல்பம் தாள்களில் பல பிவிசிதான். நாள்பட நாள்பட அதிலிருந்து கசியும் பொருள் செம்பு கலந்த உலோகத்தின் மேல் பச்சையாகப் பிசுபிசுவென்று படியும். பாலிப்ரொப்பிலீன் அல்லது மைலார் உறைகள், இல்லாவிட்டால் சரியான விட்டமுள்ள கடினமான வட்டக் கூடு நல்லது. இன்னொன்று, பளபளப்பு ஆசை. ‘ஆன்டிக்’ பூச்சு என்று ஒரு வகை உண்டு. பள்ளங்களில் கருமை, மேடுகளில் மினுக்கம் என்று வேண்டுமென்றே செய்திருப்பார்கள். அதைப் பித்தளைப் பாத்திரம் தேய்க்கும் பாலிஷால் தேய்த்தால் கருமை போய்விடும், காயினின் முகமே போய்விடும். தங்க முலாம் அதைவிட மெல்லியது. தேய்க்கவே வேண்டாம், ஓரத்தைப் பிடித்து எடுங்கள், மெல்லிய துணியால் ஒற்றி வையுங்கள்.

சொந்தமாக அடிப்பது

வடிவத்தை யோசிப்பதற்கு முன்னால், யாருக்கு எப்போது கொடுப்பேன் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். “எங்கள் மலையேற்றக் குழுவில் முதல் இரவு ஏற்றத்தை முடித்தவருக்கு” என்பது நல்ல வரி. “எல்லோருக்கும்” என்பது மோசமான வரி. அதற்குச் சாவிக்கொத்து போதும், செலவும் குறைவு. யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பது தெளிவாக இருக்கும் குழுவில்தான் காயினுக்கு மதிப்பு நிற்கும்.

அடுத்து, தொழிற்சாலையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. உங்கள் வரைபடத்தைக் கணினி இயக்கும் கருவி எஃகுக் கட்டியில் செதுக்கும். இதுதான் அச்சு, பக்கத்துக்கு ஒன்று. பித்தளை அல்லது செம்புத் தகட்டை இரண்டு அச்சுக்கும் நடுவில் வைத்துப் பெரிய அழுத்தத்தில் அடிப்பார்கள். ஓரத்தைச் சீவி, மெருகேற்றி, மின்முலாம் பூசுவார்கள். பள்ளங்களில் ஊசிக்குழாயால் எனாமல் வண்ணத்தைச் சொட்டுச் சொட்டாக நிரப்பிச் சூடாக்கி இறுக வைப்பார்கள். இன்னொரு வழி, துத்தநாகக் கலவையை உருக்கி வார்ப்பது. நடுவில் ஓட்டை, வெட்டு, விநோத வடிவம் வேண்டுமென்றால் வார்ப்பு வசதி. கூர்மையான நுணுக்கமும் கையில் வைத்தால் தெரியும் கனமும் வேண்டுமென்றால் பித்தளையில் அடித்ததற்கு ஈடில்லை.

எனாமலில் சாஃப்ட், ஹார்ட் என்று இரண்டு சொல்வார்கள். பெயரைப் பார்த்து மென்மை, உறுதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காயின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். கோடுகள் தடுக்கினால் சாஃப்ட். வண்ணம் பள்ளத்தில் தங்கி, உலோகக் கோடுகள் மேலே எழுந்து நிற்கும். நகம் கண்ணாடி மேல் போவது போல வழுக்கினால் ஹார்ட். வண்ணத்தை விளிம்புவரை நிரப்பி, காய வைத்து, எல்லாவற்றையும் ஒரே மட்டமாகத் தேய்த்திருப்பார்கள். ஹார்ட் எனாமலில் கீறல் சீக்கிரம் விழாது, நகை போலவும் இருக்கும். ஆனால் ராணுவக் காயினின் பழைய முகம் சாஃப்டில்தான் இருக்கிறது என்பது என் கட்சி, விரல் தடவ ஏதாவது இருக்க வேண்டும். வண்ணமே இல்லாமல், சிற்பம் போல் மேடு பள்ளங்களை மட்டும் வைத்து ஆன்டிக் பூச்சோடு அடிப்பது மூன்றாவது வழி. முகம், விலங்கு, மலை போன்றவற்றுக்கு அதுதான் பொருத்தம். எருமைக்கு வண்ணம் எதற்கு?

வரைபடத்தில் எல்லோரும் சறுக்கும் இடம், திணிப்பது. கணினித் திரையில் காயின் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தெரியும். இன்னும் ஒரு வரி, இன்னும் ஒரு நட்சத்திரம், அடியில் ஒரு தேதி என்று சேர்த்துக்கொண்டே போகத் தோன்றும். அசல் அளவு 45 மில்லிமீட்டர் என்பதை மறந்துவிடுவோம். 0.2 மில்லிமீட்டருக்குக் கீழே போகும் கோடு அச்சில் நிற்காது. ஒரு மில்லிமீட்டர்கூட உயரமில்லாத எழுத்தைப் படிக்க முடியாது. வரைபடத்தை அசல் அளவில் தாளில் அச்சிட்டு, வெட்டி, கை நீளத்தில் பிடித்துப் பாருங்கள். அந்தத் தூரத்தில் எது தெரியவில்லையோ அதையெல்லாம் தயங்காமல் எடுத்துவிடலாம். நிறம் மெல்ல மெல்ல மங்கிப்போகும் வித்தை எனாமலில் நடக்காது. அதற்காகப் படத்தை அச்சடித்து மேலே எபாக்சி என்ற ஒளி ஊடுருவும் பிசினை ஊற்றித் தருவார்கள். அது காயின் மாதிரி இருக்காது, பேட்ஜ் மாதிரி இருக்கும்.

தமிழ் எழுத்து வைக்க நினைத்தால் தனிக் கவனம் வேண்டும். ஞ, ண, னை, லூ போன்றவற்றின் சுழிகள் சிறிய அளவில் அடைபட்டுக் கட்டியாகிவிடும். சுழி திறந்த, கோடு ஒரே தடிமனாக ஓடும் எழுத்துருவாகப் பார்த்து, ஆங்கில எழுத்துக்கு விடுவதைவிட ஒன்றரை மடங்கு இடம் விடுங்கள். வட்டமாக வளைத்து எழுதும்போது ஒற்றைக்கொம்பும் புள்ளியும் தம் எழுத்தை விட்டு விலகிப் போகும். அதைவிட ஆபத்து, எழுத்துருவோடு கோப்பை அனுப்புவது. தமிழ் தெரியாத தொழிற்சாலைக் கணினியில் திறந்தால் ‘கோ’ என்பது மூன்று துண்டாகி எஃகில் செதுக்கப்படும். எழுத்தையெல்லாம் கோட்டு வடிவமாக மாற்றிய வெக்டர் கோப்பாகவே அனுப்பிவிடுங்கள்.

விளிம்பை மறந்துவிடாதீர்கள். நாணயத்தின் நெளிவரி, முறுக்குக் கயிறு, சாய்வெட்டு என்று பல வகை உண்டு. கயிறு விளிம்பு கடற்படை, கப்பல் சம்பந்தப்பட்டவற்றுக்குப் பொருந்தும். சாய்வெட்டு வெளிச்சத்தில் மின்னும், சட்டைப்பையில் மற்ற பொருள்களைக் கீறவும் செய்யும்.

தொழிற்சாலை அனுப்பும் மாதிரிப் படத்தில் எழுத்துப்பிழையைப் பார்ப்பது எல்லோரும் செய்வது. அதோடு, பக்கங்கள் எப்படித் திரும்புகின்றன என்று கேளுங்கள். அமெரிக்க நாணயத்தை மேலிருந்து கீழாகப் புரட்டினால்தான் மறுபக்கம் நேராகத் தெரியும். பதக்கத்தைப் புத்தகப் பக்கம் போல இடமிருந்து வலமாகத் திருப்ப வேண்டும். இரண்டில் எது வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் அவர்கள் இஷ்டம்தான். வண்ணங்களைத் திரையில் பார்த்துச் சம்மதிக்காமல், பான்டோன் என்ற நிற அட்டவணையின் எண்ணாகக் குறிப்பிடுங்கள். முலாம் இரு பக்கமும் ஒன்றா என்பதை எழுதிக் கொடுங்கள். கடைசியாக, உங்கள் வரைபடத்தைப் பார்க்காத ஒருவரிடம் காட்டி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பத்து முறை பார்த்த கண்ணுக்குப் பிழை தெரியாது.

வேறொரு அமைப்பின் சின்னத்தை அப்படியே எடுத்துப் போடும் எண்ணம் இருந்தால் அனுமதியை முதலில் பாருங்கள். அமெரிக்கப் படைகள் தங்கள் சின்னங்களை வணிகத்துக்குப் பயன்படுத்த உரிமம் கேட்கின்றன. அதிபரின் முத்திரையைக் கண்டபடி பயன்படுத்துவது அங்கே சட்டத்திலேயே தடை. நல்ல தொழிற்சாலை இதைக் கேட்டு நிறுத்தும். நிறுத்தாத தொழிற்சாலை மற்ற விஷயத்திலும் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையை முடிவு செய்யும்போது ஒரு கணக்கு. அச்சுக்கான செலவு ஒரே தடவை. 50 அடித்தாலும் 500 அடித்தாலும் அது மாறாது. அதனால் சிறு எண்ணிக்கையில் தலைக்கு விலை ஏறும், பெரிய எண்ணிக்கையில் இறங்கும். பல இடங்களில் 50 அல்லது 100-க்குக் குறைவாக எடுக்கவே மாட்டார்கள். இறங்கும் விலையைப் பார்த்து மயங்கி 300 அடித்துவிட்டு, குழுவில் 40 பேர் இருந்தால், மீதியை யாருக்குக் கொடுப்பதென்று கை அரிக்கும். கண்டவர்களுக்கும் கொடுக்க ஆரம்பிப்பீர்கள். தேவைக்கு மேல் கொஞ்சம், தொலைப்பவர்களுக்கும் புதிதாக வருபவர்களுக்கும் என்று வைத்துக்கொண்டால் போதும். ஒவ்வொன்றிலும் வரிசை எண் பொறிக்கலாம். அப்படிச் செய்தால் எந்த எண் யாருக்கு, எந்த நாளில் போனது என்று ஒரு நோட்டும் போட்டுவிட வேண்டும். நோட்டு இல்லாத வரிசை எண்ணால் ஒரு பிரயோஜனமும் இல்லை. முதல் எண் தலைவருக்கா, அதிகம் உழைத்தவருக்கா என்ற சண்டையை ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

அச்சு வேலை, அடிப்பது, முலாம், வண்ணம் என்று எல்லாம் முடிய வாரக்கணக்கில் ஆகும். அதற்கு மேல் தபாலில் வரும் நாட்கள். நிகழ்ச்சித் தேதியை ஒட்டி ஆர்டர் கொடுத்துவிட்டுத் தவிக்க வேண்டாம். பெட்டி வந்ததும் எல்லாவற்றையும் கொட்டி எண்ணி, வண்ணம் வழிந்தவை, முலாம் கறுத்தவை, விளிம்பு நசுங்கியவை என்று அன்றைக்கே பிரித்துவிடுங்கள். பொறுக்கி எடுத்த பழுதுக்குப் பதில் கேட்கப் பெரும்பாலும் குறிப்பிட்ட கெடு இருக்கும்.

அச்சு யாருக்குச் சொந்தம், எத்தனை வருடம் பத்திரமாக வைத்திருப்பார்கள், உங்களைக் கேட்காமல் அதில் அடித்து வேறு யாருக்கும் விற்க மாட்டார்களா என்பதையும் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் அதே அச்சில் இரண்டாம் தொகுதி அடிக்க நேர்ந்தால் முலாமையோ விளிம்பையோ மாற்றச் சொல்லுங்கள். முதல் தொகுதியை வாங்கியவர்கள் தங்களுடையது தனியாகத் தெரிவதைத்தான் விரும்புவார்கள்.